பழைய பாடல் வானொலி நிலையம்: பட்டியல் எப்படி உருவாகிறது, ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

அமெரிக்காவின் நடுத்தர நகரம் ஒன்றில் பண்பலை வானொலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிக்கொண்டு போனால், சில பத்தாண்டுகளுக்கு முந்தைய பாடல்களை மட்டுமே ஒலிபரப்பும் நிலையம் ஒன்றாவது பெரும்பாலும் அகப்படும். அங்கே இவ்வகை நிலையங்களை 'ஓல்டீஸ்' நிலையங்கள் என்று அழைப்பது வழக்கம். இன்று அவற்றுள் பல 'கிளாசிக் ஹிட்ஸ்' என்ற புதிய பெயரை ஏற்றுக்கொண்டுவிட்டன. அமெரிக்க வணிக வானொலியில் ஒவ்வொரு நிலையமும் ஒரே வகையான நிகழ்ச்சியை நாள் முழுவதும் தருகிறது. ஒன்று செய்தியை மட்டும் தரும், ஒன்று நாட்டுப்புறச் சாயல் கொண்ட 'கன்ட்ரி' இசையை மட்டும் தரும், ஒன்று விளையாட்டுப் பேச்சை மட்டும் தரும். இந்த வகைப்பாட்டுக்குத் தொழிலில் 'ஃபார்மட்' என்று பெயர். பழைய பாடல் வானொலியும் அத்தகைய ஒரு ஃபார்மட்தான்.

இதைப் புதிதாகக் கேட்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இத்தனை ஆண்டுகளில் பல்லாயிரம் பாடல்கள் வெளிவந்திருக்கும்போது ஏன் அதே சில நூறு பாடல்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்பது முதலாவது. பத்தாண்டுகளுக்கு முன் இதே நிலையத்தில் கேட்ட பாடல்கள் இப்போது ஏன் காணாமல் போய்விட்டன, பழைய பாடலுக்கும் காலாவதி உண்டா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இந்த நிலையங்கள் பாடலின் வயதைப் பார்த்துத் தங்கள் பட்டியலை அமைப்பதில்லை. கேட்பவரின் வயதைப் பார்த்து அமைக்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்த ஃபார்மட்டின் வரலாறும் அன்றாட நிகழ்ச்சி அமைப்பும் எளிதில் விளங்கிவிடும்.

தொடக்கக் காலம்

1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி பரவியதும் நாடகங்களும் பெரிய நட்சத்திரங்களின் நிகழ்ச்சிகளும் வானொலியைவிட்டு அங்கே குடிபெயர்ந்தன. வெறுமையாகிப்போன நேரத்தை நிரப்ப நிலைய உரிமையாளர்கள் இசைத்தட்டுகளை நாடினர். அவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹா நகரில் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தை நடத்திய டாட் ஸ்டோர்ஸ். உணவகங்களில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் எந்திரத்தில் மக்கள் புதுப்புதுப் பாடலைத் தேடாமல் பிடித்த சில பாடல்களையே மீண்டும் மீண்டும் ஒலிக்கவிடுகிறார்கள் என்பதைக் கவனித்து, அதே முறையை அவர் வானொலிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இவ்வாறு பிறந்த 'டாப் 40' முறை, குறுகிய பட்டியலும் அடிக்கடி வரும் வெற்றிப் பாடல்களுமே கேட்பவரை நிறுத்திவைக்கும் என்ற பாடத்தை வானொலித் தொழிலுக்குக் கற்பித்தது. பழைய பாடல் நிலையங்கள் பிற்காலத்தில் கைக்கொண்ட இறுக்கமான பட்டியலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் பழைய பாடலைத் தனியே எடுத்து மதிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்கள் உள்ளூர் அறிவிப்பாளர்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் 1948 முதல் ஒலிபரப்பிய போர்க்கி செட்விக், பிறர் கைவிட்ட, கறுப்பின அமெரிக்கரின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசைத்தட்டுகளைத் தேடி எடுத்துவந்து 'தூசி படிந்த தட்டுகள்' என்ற பொருள்படும் பெயரில் ஒலிக்கவிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்ட் லபோ என்ற அறிவிப்பாளர், 1950களின் பிற்பகுதியில், காரில் அமர்ந்தபடியே உண்ணும் ஓர் உணவகத்திலிருந்து நேரடியாக நிகழ்ச்சி நடத்தினார். அங்கு வந்த இளைஞர்கள் தாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் கேட்ட பாடல்களை விரும்பிக் கேட்டதைக் கண்ட அவர், அத்தகைய பாடல்களைத் திரட்டி 1959இல் ஒரு தொகுப்பு இசைத்தட்டாக வெளியிட்டார். 'ஓல்டீஸ் பட் குடீஸ்' என்ற அந்தத் தொகுப்பு விற்பனைப் பட்டியலில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அந்த இளைஞர்கள் 'பழையது' என்று கேட்டவற்றுள் பல, நான்கைந்து ஆண்டுப் பாடல்கள் மட்டுமே.

அதே ஆண்டுகளில் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் பாடல்களை ஒலிக்கச் செய்தது 1959–60இல் நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளாயிற்று. 'பேயோலா' எனப்பட்ட அந்த ஊழல் வெளிப்பட்ட பிறகு, பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அறிவிப்பாளரின் கையிலிருந்து மெல்ல நழுவி, நிகழ்ச்சி இயக்குநர் என்ற நிலைய நிர்வாகியிடம் சென்று சேர்ந்தது. இன்று பெரும்பாலான வணிக நிலையங்களில் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்திருப்பவர் அடுத்த பாடல் எது என்று முடிவு செய்வதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி; அதன் தொடக்கங்களுள் ஒன்று இந்த விசாரணை.

நாள் முழுவதும் பழைய பாடல் என்ற அமைப்புக்கு வழி திறந்தது ஓர் அரசாணை. அறுபதுகளின் தொடக்கம்வரை பண்பலை நிலையங்கள் பலவும் தங்கள் உரிமையாளரின் மத்திய அலை நிகழ்ச்சியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்துகொண்டிருந்தன. ஒரு இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பண்பலை நேரத்தில் பாதிக்கு மேல் இவ்வாறு படியெடுக்கக் கூடாது என்று எஃப்.சி.சி. எனப்படும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் 1964இல் விதி செய்தது. திடீரென்று உரிமையாளர்களுக்குத் தனி நிகழ்ச்சி தேவைப்பட்டது; அதுவும் செலவு குறைந்ததாக இருக்க வேண்டியிருந்தது. பலவிதச் சோதனைகளுக்குப் பிறகு, நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ்.–எஃப்.எம். நிலையம் 1972 ஜூலை 7ஆம் நாள் ராக் இசையைக் கைவிட்டு முழுநேரப் பழைய பாடல் நிலையமாக மாறியது. லாஸ் ஏஞ்சல்ஸின் கே.ஆர்.டி.எச். நிலையமும் அதே ஆண்டு அவ்வழியில் திரும்பியது. இரண்டும் இந்த ஃபார்மட்டின் முன்மாதிரிகளாகப் பல ஆண்டுகள் விளங்கின.

காலமும் அதற்கு இசைந்திருந்தது. 1969இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் கலைஞர்களைத் திரட்டி நடத்திய மீட்சி நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் திரண்டது. 1973இல் வெளிவந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' திரைப்படம், 1962ஆம் ஆண்டின் ஓர் இரவைப் பின்னணியில் ஒலிக்கும் வானொலிப் பாடல்களோடு காட்டி, பதினொரு ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையே ஏக்கத்துக்கு உரிய கடந்த காலமாக ஆக்கிற்று. பிறகு 1982 மே 10 அன்று, டாப் 40 காலத்தின் பெரும்புகழ் பெற்ற மத்திய அலை நிலையமான நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி. இசையை நிறுத்திப் பேச்சு நிகழ்ச்சிக்கு மாறியது. அத்தகைய நிலையங்களில் பெயர் பெற்றிருந்த அறிவிப்பாளர்கள் பலருக்குப் பழைய பாடல் பண்பலை நிலையங்கள் புகலிடமாயின. பாடல் மட்டுமின்றி, அந்தப் பாடல் முதன்முதலில் ஒலித்த நாளில் அதை அறிமுகப்படுத்திய குரலும் அங்கே திரும்ப வந்தது. எண்பதுகளும் தொண்ணூறுகளின் முற்பகுதியும் இந்த ஃபார்மட்டின் பொற்காலமாக இருந்ததற்கு, எந்தச் சந்தை உத்தியையும்விட இந்தக் குரல்களே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

வயதுக் கணக்கு

வணிக வானொலி பாடலை விற்பதில்லை; கேட்பவரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்கிறது. பெரிய விளம்பர முகமைகள் நெடுங்காலமாக 25 முதல் 54 வயதுக்கு உட்பட்டோரைக் கணக்கில் வைத்தே வானொலி நேரத்தை வாங்குகின்றன. 55 வயதைத் தாண்டியவர் எவ்வளவு வசதி படைத்தவராக இருந்தாலும், எவ்வளவு நேரம் வானொலி கேட்டாலும், அந்தக் கணக்கில் அவருடைய மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இது நியாயமா என்பது வேறு கேள்வி. வாழ்நாள் கூடிவிட்ட காலத்திலும் இந்த எல்லைக்கோடு நகராமல் இருப்பது பழக்கத்தின் பிடியைத்தான் காட்டுகிறது.

இந்தக் கோட்டோடு மனித மனத்தின் ஓர் இயல்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் வாழ்வில் ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நிகழ்ந்தவற்றைப் பிற்காலத்தில் மற்றவற்றைவிட மிகுதியாக நினைவுகூர்கிறார் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பாடல்களுக்கும் இது பொருந்தும்; பதின்பருவத்தில் கேட்ட பாடல் வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. இனிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1957இல் பதினைந்து வயதாக இருந்தவர் 1942இல் பிறந்தவர். 1987இல் அவருக்கு 45 வயது, விளம்பரதாரருக்கு மிகவும் வேண்டியவர். 1997இல் அவர் 55 வயதை எட்டி எல்லைக்கு வெளியே போய்விடுகிறார். அவரோடு அவருடைய 1957ஆம் ஆண்டுப் பாடல்களும் வெளியேறுகின்றன. 2025இல் 25 முதல் 54 வயதுக்குள் இருப்பவர்கள் ஏறத்தாழ 1971க்கும் 2000க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களுடைய பதினைந்தாம் வயது 1986க்கும் 2015க்கும் இடையில் விழுகிறது. ஒரு காலத்தில் ஐம்பதுகளின் பாடலை ஒலித்த நிலையத்தில் இன்று எண்பதுகளும் தொண்ணூறுகளும் ஒலிப்பதன் காரணம் இதுதான்.

எனவே இந்த நிலையங்களின் வரலாறு, பட்டியலின் தொடக்கத்திலிருந்து சில ஆண்டுகளை வெட்டி, இறுதியில் சில ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டே வந்த வரலாறாக இருக்கிறது. முதலில் வெட்டப்பட்டவை 1964க்கு முந்தைய பாடல்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் கால்வைத்ததோடு இசையின் ஒலியே மாறிப்போனதால், அது இயல்பான எல்லையாக அமைந்தது. குரல்களாலேயே இசை அமைக்கும் 'டூ–வாப்' பாடல்கள் முதலில் இரவு நேரத்துக்கும், பிறகு வார இறுதிச் சிறப்பு நிகழ்ச்சிக்கும் ஒதுக்கப்பட்டு, கடைசியில் மறைந்தன.

சில நிறுவனங்கள் இந்த மெதுவான நகர்வுக்குப் பொறுமை காட்டவில்லை. 2005 ஜூன் 3 அன்று டபிள்யூ.சி.பி.எஸ்.–எஃப்.எம். நிலையமும், அதே குழுமத்துக்குச் சொந்தமான சிகாகோவின் டபிள்யூ.ஜே.எம்.கே. நிலையமும் ஒரே நாளில் பழைய பாடலைக் கைவிட்டன. அறிவிப்பாளர்களே இல்லாமல், பல பத்தாண்டுப் பாடல்களைக் கலந்து தரும் 'ஜாக்' என்ற ஃபார்மட் அங்கே புகுந்தது. நியூயார்க்கில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது; கேட்போர் எண்ணிக்கையும் சரிந்தது. 2007 ஜூலை 12 அன்று பகல் 1:01 மணிக்கு, நிலையத்தின் 101.1 என்ற அலைவரிசை எண்ணை நினைவூட்டும் அந்த நிமிடத்தில், பழைய பெயரும் பழைய குரல்கள் சிலவும் திரும்பின. ஆயினும் திரும்பி வந்தது அதே நிலையமாக இல்லை. அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் ஆகியவற்றின் வெற்றிப் பாடல்களே இனி முன்னிலை பெறும் என்று தெளிவாக்கப்பட்டது. 'ஓல்டீஸ்' என்ற சொல் முதியோரை நினைவூட்டுகிறது என்ற அச்சத்தால் நாடெங்கும் நிலையங்கள் அதைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தன.

பட்டியலுக்குள் நுழையும் வழி

வணிக நிலையம் ஒன்றின் பட்டியலில் ஒரு சமயத்தில் உயிரோடு இருப்பவை பெரும்பாலும் சில நூறு பாடல்களே. அவற்றைத் தேர்ந்தெடுக்கப் பரவலாகக் கையாளப்படும் முறை, அரங்கச் சோதனை எனப்படுவது. நிலையம் விரும்பும் வயதுக்குட்பட்ட உள்ளூர் மக்கள் சுமார் நூறு பேரைக் கட்டணம் கொடுத்து ஓர் அரங்கில் கூட்டி, நூற்றுக்கணக்கான பாடல்களின் மிக எளிதில் அடையாளம் காணத்தக்க துண்டுகளை, ஒவ்வொன்றும் பத்து வினாடிக்கு மிகாமல், வரிசையாகக் கேட்கச் செய்வார்கள். பாடல் தெரியுமா, பிடிக்குமா, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் மதிப்பெண் இடுவர். அந்த மதிப்பெண்கள்தான் பட்டியல். இப்போது இச்சோதனைகள் பெரும்பாலும் இணையவழியே நடக்கின்றன.

இம்முறையின் முடிவுகள் சில வேளைகளில் விந்தையாக இருக்கும். தம் காலத்தில் முதலிடம் பிடித்த பாடல்கள் பல இன்று மதிப்பெண் பெறாமல் மறைந்துவிட, அன்று முப்பதாம் இடத்தைக்கூடத் தாண்டாத பாடல்கள் சில நிலைத்துவிட்டன; பிற்காலத்தில் ஒரு திரைப்படமோ விளம்பரமோ அவற்றைப் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம். இம்முறையில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. ஒலிக்காத பாடலை மக்கள் மறக்கிறார்கள். மறந்த பாடல் சோதனையில் தோற்கிறது. தோற்ற பாடல் ஒலிப்பதில்லை. ஒவ்வொரு சோதனையிலும் வட்டம் இறுகிக்கொண்டே போகிறது. பக்கத்து மாநிலத்து நிலையமும் இதே முறையைக் கையாளுவதால், ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்தாலும் அதே ஐந்நூறு பாடல்கள் உடன் வருகின்றன. நிகழ்ச்சி இயக்குநர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு: தெரியாத பாடல் ஒலித்தவுடன் விரல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் பட்டியலைச் சுருக்குவது அந்த அச்சத்துக்குக் கிடைத்த மிக எளிய விடை என்பதைத் தவிர, அதுவே சிறந்த விடை என்று எனக்குத் தோன்றவில்லை.

தேர்வான பாடல்கள் பல பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. மிக அதிக மதிப்பெண் பெற்றவை முதல் பிரிவு. அடுத்தவை இரண்டாம் பிரிவு. எப்போதாவது வந்து, 'இதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று' என்று வியக்கவைப்பவை கடைசிப் பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பாடல் என்பதை நிர்ணயிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் பிரிவிலிருந்து மணிக்கு 5 பாடல்கள் வருவதாகக் கொள்வோம். அந்தப் பிரிவில் 120 பாடல்கள் இருந்தால், சரியாக 24 மணி நேரத்தில் சுற்று முடிந்து, ஒவ்வொரு பாடலும் நாள்தோறும் அதே மணிக்கு வந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர் தினமும் அதே பாடலைக் கேட்டு வெறுத்துவிடுவார். அதே பிரிவில் 113 பாடல்கள் இருந்தால், சுற்று 22 மணி 36 நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு பாடலும் நாளுக்கு ஒரு மணி 24 நிமிடம் முன்னதாக வரும்; எட்டு மணிப் பயணி அதே பாடலை மீண்டும் சந்திக்கப் பல நாளாகும்.

இந்தக் கணக்கை ஒரு காலத்தில் அட்டைப் பெட்டிகளை வைத்துச் செய்தார்கள்: ஒரு பாடலுக்கு ஓர் அட்டை, முன்னிருந்து எடுத்து ஒலித்தபின் பின்னால் செருகிவிட வேண்டும். 1979இல் தொடங்கப்பட்ட ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் 'செலக்டர்' மென்பொருள் வந்தபின் அந்த வேலை கணினிக்குப் போயிற்று. ஒரே கலைஞரின் இரு பாடல்களுக்கு இடையே குறைந்தது இவ்வளவு நேரம், அடுத்தடுத்து இரண்டு மெதுவான பாடல்கள் கூடாது, ஒரே பத்தாண்டின் பாடல்கள் மூன்று சேர்ந்து வரக் கூடாது என்பன போன்ற விதிகளைக் கொடுத்துவிட்டால் அது நாளைய பட்டியலைத் தந்துவிடும். நல்ல இயக்குநர் அதன்பிறகும் அமர்ந்து கையால் திருத்துவார். விதிகளை மீறாமலேயே காதுக்கு ஒவ்வாத வரிசை அமைந்துவிடுவது உண்டு.

எந்தப் பதிவை ஒலிப்பது என்பதும் சிறிய செய்தியன்று. ஒரு பாடலுக்குத் தனி இசைத்தட்டில் வந்த ஒற்றையொலிப் பதிப்பு, நெடுந்தட்டில் வந்த நீண்ட பதிப்பு, அதே கலைஞர் பல ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்துக்காக மறுபடி பாடிக்கொடுத்த பதிப்பு என்று பல வடிவங்கள் இருக்கும். அன்று வானொலியில் ஒலித்த வடிவத்தை மட்டுமே கேட்பவரின் காது ஏற்கிறது. மறுபதிவு ஒலித்தால், என்ன வேறுபாடு என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். அதனால்தான் அக்கறையுள்ள நிலையங்கள் மூல இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிப் படியெடுத்து வைத்திருக்கின்றன.

ஒரு மணி நேரத்தின் அமைப்பு

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடிகார முகம் போன்ற ஒரு வரைபடம் உண்டு. தொழிலில் அதைக் 'கிளாக்' என்றே சொல்வார்கள். எந்த நிமிடத்தில் எந்தப் பிரிவுப் பாடல், எங்கே விளம்பரம், எங்கே நிலையத்தின் பெயரைப் பாடும் 'ஜிங்கிள்' என்ற குறும்பாட்டு என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மணியின் தொடக்கத்தையொட்டி, நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும் என்பது எஃப்.சி.சி. விதி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரும்பாலும் 'டபிள்யூ' என்ற எழுத்திலும், மேற்கே 'கே' என்ற எழுத்திலும் அந்த அழைப்பெழுத்துகள் தொடங்கும். டல்லாஸ் நகரத்து 'பாம்ஸ்' நிறுவனம் அறுபதுகளில் டாப் 40 நிலையங்களுக்குப் பாடிக்கொடுத்த ஜிங்கிள்கள் பாடல்களுக்கு இணையாக நினைவில் நின்றவை என்பதால், பழைய பாடல் நிலையங்கள் அவற்றைப் புதிதாகப் பாடவைத்துப் பயன்படுத்துகின்றன.

விளம்பரம் வரும் இடமும் கணக்கோடு அமைவது. கேட்போர் அளவீட்டை இன்று நடத்துவது நீல்சன் நிறுவனம். 2013இல் அது வாங்கிய ஆர்பிட்ரான் நிறுவனம் முன்பு நடத்தியது. ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டால் அந்தக் கால்மணி முழுவதும் கேட்டதாக எண்ணுவது அந்த அளவீட்டின் நெடுங்கால முறை; பெரிய நகரங்களில் கையாளப்படும் கருவிவழி அளவீட்டில் 2025இல் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே பல நிலையங்கள் விளம்பரத் தொகுப்பை இரண்டு கால்மணிகளின் சந்திப்பில், எடுத்துக்காட்டாக 12ஆம் நிமிடத்திலிருந்து 18ஆம் நிமிடம்வரை வைக்கின்றன. விளம்பரம் வந்ததும் கேட்பவர் வேறு நிலையத்துக்குப் போனாலும் முதல் கால்மணி ஏற்கெனவே எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்தால் இரண்டாவதும் சேர்ந்துவிடும். இரண்டு நிலையங்களில் ஒரே நேரத்தில் விளம்பரம் வருகிறதே என்று எரிச்சலடைபவர்கள் குற்றம் சாட்ட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

நாளின் பகுதிகளில் காலை ஆறு முதல் பத்துவரையிலான பயண நேரமே மிக விலையுயர்ந்தது. அப்போது பேச்சும் போக்குவரத்தும் வானிலையும் அதிகம், பாடல் குறைவு. பகலில் அலுவலகங்களில் பின்னணியாக ஒலிப்பதற்கேற்ப பேச்சு குறையும். வார இறுதியில்தான் பட்டியல் சற்றுத் தளரும். நியூயார்க்கில் ஞாயிறு இரவுகளில் பல ஆண்டுகள் நடந்த டூ–வாப் நிகழ்ச்சி அவ்வகைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கேசி கேசம் 1970 ஜூலையில் தொடங்கி நடத்திய தேசியத் தரவரிசை நிகழ்ச்சியின் எழுபது, எண்பதுகளின் பதிவுகள் இன்றும் பல ஊர்களில் வார இறுதியில் மறு ஒலிபரப்பாகின்றன. அந்த வாரத்தின் நாற்பது பாடல்களையும் வரிசையாக ஒலிப்பதால், எந்த அரங்கச் சோதனையிலும் தேறாத, அடியோடு மறந்துபோன பாடல்கள் அந்த நிகழ்ச்சியில் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன.

உள்ளூர் என்பது எங்கே மிஞ்சியிருக்கிறது

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெற்றிப் பாடல் என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. வட, தென் கரோலினா மாநிலங்களின் கடற்கரை ஊர்களில் 'ஷாக்' என்ற நடனத்துக்கேற்ற 'பீச் மியூசிக்' தனி மரபாக வளர்ந்தது. லூசியானாவின் தென்பகுதியில் பிரெஞ்சு மரபும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்த 'ஸ்வாம்ப் பாப்' பாடல்களுக்கு இன்றும் நேயர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிக்க அமெரிக்கர்கள் மெதுவான காதல் பாடல்களைத் தம் தாழ்வாக அமைத்த கார்களோடு சேர்த்து ஒரு பண்பாடாகவே ஆக்கிக்கொண்டனர். ஆர்ட் லபோவின் நிகழ்ச்சியில், சிறையில் இருப்போருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இடையே பாடல்வழிச் செய்திகள் போய்வந்துகொண்டிருந்தன. அவர் 2022இல் தம் 97ஆம் வயதில் மறையும்வரை அந்தப் பணியை விடவில்லை. உள்ளூர் நிலையத்துக்கென்று ஒரு தனிப் பட்டியல் இருக்க முடியும் என்பதற்கு இவையே சான்று.

அந்தத் தனித்தன்மையைப் பெருமளவு கரைத்தது 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரு நிறுவனம் நாடு முழுவதும் அதிகபட்சம் 40 நிலையங்களையே வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பை அது நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஓர் ஊரில் இருக்கும் அறிவிப்பாளர் தம் குரலைத் துண்டுதுண்டாகப் பதிவு செய்து, தாம் ஒருபோதும் காணாத பல ஊர்களின் நிலையங்களுக்கு அனுப்பும் 'வாய்ஸ் டிராக்கிங்' முறை பரவியது. உரிமம் பெற்ற ஊரிலோ அருகிலோ முதன்மை ஸ்டுடியோ ஒன்று இருந்தாக வேண்டும் என்ற பழைய விதியையும் 2017இல் எஃப்.சி.சி. கைவிட்டது.

பட்டியலில் இருந்து வெட்டப்பட்ட பாடல்கள் இப்போது ஒலிப்பது பெரும்பாலும் சிறிய நிலையங்களில்தான். 2000ஆம் ஆண்டில் எஃப்.சி.சி. உருவாக்கிய குறைதிறன் பண்பலை உரிமம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மட்டும் வழங்கப்படுகிறது. அதிகபட்சத் திறன் 100 வாட், எட்டும் தொலைவு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர். வணிக விளம்பரம் கூடாது. ஆதரவாளரின் பெயரை அறிவிக்கலாம். வயதுக் கணக்கு இங்கே செல்லாது என்பதால், தன்னார்வலர் ஒருவர் தம் சொந்த இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து ஒலிக்கவிட யாரும் தடை சொல்வதில்லை. சிறிய மத்திய அலை நிலையங்களும் 2009 முதல் பண்பலை மறுஒலிபரப்பிகளின் துணையோடு தங்கள் நிகழ்ச்சியைத் தெளிவான ஒலியில் தர அனுமதி பெற்றன. இவற்றின் விளம்பரதாரர் அந்த ஊரின் மருந்துக் கடைக்காரரும் கூரை செப்பனிடுபவருமாக இருப்பதால், 60 வயது நேயரும் அவர்களுக்கு வாடிக்கையாளரே.

செலவில் ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் வான்வழி ஒலிபரப்பும் நிலையம் பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஏ.எஸ்.சி.ஏ.பி., பி.எம்.ஐ. போன்ற சங்கங்கள் வழியாக உரிமைத்தொகை கட்டுகிறது. பாடியவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் எதுவும் கட்டுவதில்லை. அதே நிகழ்ச்சியை இணையத்தில் தரும்போது பதிவுக்கும் கட்ட வேண்டும். 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் கூட்டரசுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வராமல் இருந்ததால், பழைய பாடல்களைப் பொறுத்தவரை இது நெடுநாள் குழப்பமாக நீடித்து வழக்குகளுக்கும் இடமளித்தது. 2018ஆம் ஆண்டின் இசை நவீனமயமாக்கல் சட்டம் அவற்றுக்கும் இணைய உரிமைத்தொகையை உறுதி செய்தது.

ஒரு பழைய பாடல் நிலையம் எத்தகையது என்று அறிய விரும்புபவர், வார நாளில் ஒரு மணி நேரமும் ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரமும் கேட்டு, வந்த பாடல்களையும் அவை வெளியான ஆண்டுகளையும் எழுதிப் பார்த்தால் போதும். வார நாள் பட்டியலின் மிகப் பழைய ஆண்டையும் மிகப் புதிய ஆண்டையும் பதினைந்து வயதோடு ஒப்பிட்டால், நிலையம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது கிடைத்துவிடும். ஞாயிறு பட்டியல் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது, நிகழ்ச்சி இயக்குநருக்கு எவ்வளவு உரிமை விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும். மணியின் தொடக்கத்தில் சொல்லப்படும் ஊரின் பெயரையும், அறிவிப்பாளர் இடையிடையே சொல்லும் தெருப்பெயர்களையும் வானிலையையும் சேர்த்துக் கவனித்தால், அந்தக் குரல் அதே ஊரிலிருந்து வருகிறதா, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நேற்றே பதிவு செய்யப்பட்டதா என்பதையும் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.